அடுப்புப் புகையும் பிள்ளையின் எடையும்



பிள்ளை பிறந்த சேதி வந்ததும், எடை எவ்வளவு என்றுதான் அடுத்துக் கேட்போம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு. உடனே தாயின் மேல் விழும் பழி: ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாள், சத்து மாத்திரை போட்டிருக்க மாட்டாள். அவள் சுவாசித்த காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

விறகடுப்பில் ஈரச் சுள்ளி பற்றாமல் புகைகிறது. கர்ப்பிணி குனிந்து ஊதாங்குழலால் ஊதுகிறாள். ஊதி ஓய்ந்து மூச்சை இழுக்கும்போது உள்ளே போவது அந்தப் புகைதான். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளைக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்கள் நுரையீரலோடு நிற்பதும் இல்லை. நஞ்சுக்கொடியில், அதுவும் சிசுவின் பக்கத்தில், அவை படிந்திருப்பதை 2019-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சரி, புகையை நிறுத்தினால் எடை கூடுமா? நம் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் சுமார் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு வேறோர் ஆய்வுக் குழு இதைச் சோதித்தது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். மீதிப் பேர் வழக்கம்போல் விறகு, வரட்டி. விறகு எரித்தவர்கள் சுவாசித்த காற்றில் கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவில் நுண்துகள். கேஸ் வீடுகளில் அது 24. ஆனால் 2022-இல் முடிவு வந்தபோது, பிள்ளைகளின் சராசரி எடையில் வித்தியாசம் சுமார் 20 கிராம்தான். தற்செயலாகக்கூட இருக்கலாம் என்றது புள்ளியியல்.

அப்படியென்றால் புகையால் கெடுதல் இல்லை என்று அர்த்தமா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பெண்கள் ஆய்வில் சேரும்போதே இரண்டு மாதம் தாண்டியிருந்தது. சிலருக்கு நாலு மாதத்துக்கும் மேல். கேஸ் வந்த பிறகும் அவர்கள் சுவாசித்தது, ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. தன் அடுப்பை அணைத்தாலும் பக்கத்து வீட்டுப் புகை வராமலா போகும்?

2008 ஒலிம்பிக்கின்போது பெய்ஜிங் அரசு ஆலைகளை நிறுத்தி, வாகனங்களைக் குறைத்து, நகரத்தின் காற்றையே சில வாரங்களுக்குச் சுத்தமாக்கியது. அந்த வாரங்களில் எட்டாம் மாதத்தில் இருந்த தாய்மார்களின் பிள்ளைகள், முன்பின் ஆண்டுகளில் அதே காலத்துப் பிள்ளைகளைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல். அதுவும் ஏறக்குறைய அதே 20 கிராம்தான். ஆனால் அங்கே கணக்கில் எடுத்தவை 80,000-க்கு மேற்பட்ட பிரசவங்கள். தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. அந்தத் தாய்மார்கள் தனியாக எதுவும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகவே, "புகை பக்கம் போகாதேம்மா" என்று கர்ப்பிணிக்குப் புத்தி சொல்லி நிறுத்திக்கொள்வது நியாயமே இல்லை. கல்யாணமாகி வரும் மருமகளுக்கு முதல் நாளிலிருந்தே கேஸ் அடுப்பு வேண்டும். வெந்நீர் காய்ச்ச மட்டும் கொல்லையில் விறகு என்பதும் போக வேண்டும். சிலிண்டர் மாற்றக் காசில்லாமல்தான் பல வீடுகள் விறகுக்குத் திரும்புகின்றன. அந்தச் சுமையை அரசு குறைக்க வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும் கிராம சுகாதார செவிலியர், எடையும் ரத்த அழுத்தமும் குறிக்கும்போது, வீட்டில் எந்த அடுப்பு, தெருவில் குப்பை எரிக்கிறார்களா என்றும் கேட்டுக் குறிக்கட்டும். எரிக்கிறார்கள் என்றால், ஊராட்சித் தலைவர் அதற்குப் பதில் சொல்லட்டும்.