அனுப்பிய பிள்ளை யாருடைய பிள்ளை?

(வேதாரண்யத்தில் நடந்த ஆசிரியர் கலந்துரையாடல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உடற்கல்வி ஆசிரியர்கள் இத்தனை பேர் முன்வரிசையில் இருக்கும்போது, சமூக அறிவியல் நடத்தும் நான் கால்பந்தைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் அதிகப்படிதான். எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு குறுவட்டப் போட்டிகளுக்குப் பல வருடமாகப் போய் வருகிறேன். எனக்கு விசில் ஊதத் தெரியாது. தண்ணீர் கேன், வயதுச் சான்று, வேன் வாடகை, பெற்றோர் கையெழுத்து, இவைதான் என் பொறுப்பு. அந்தப் பொறுப்பிலிருந்து பார்த்த ஒன்றைத்தான் இன்று பேசப் போகிறேன்.

கால்பந்தில் 'லோன்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. பெரிய அணியில் இருக்கும் இளம் வீரனை, ஆடும் வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று, ஆறு மாதத்துக்கோ ஒரு பருவத்துக்கோ கீழ் நிலை லீக்கில் ஆடும் சிறிய அணிக்கு அனுப்புவது. நம் பத்திரிகைகள் 'கடன் அடிப்படையில்' என்று எழுதுகின்றன. கடன் என்றதும் நமக்கு வட்டிதான் நினைவுக்கு வருகிறது. 'இரவல்' என்றால் இன்னும் பொருந்தும். ஆனால் இந்த அறையில் இருப்பவர்களுக்கு அதைவிடச் சுலபமான சொல் ஒன்று இருக்கிறது: மாற்றுப்பணி. பணியிடம் ஒரு பள்ளியில், பாடம் நடத்துவது இன்னொரு பள்ளியில். சம்பளம் இங்கே, கையெழுத்து அங்கே. இதை அனுபவித்தவர்கள் நம்மில் பாதிப் பேர் இருப்பீர்கள், விளக்க வேண்டியதில்லை.

லோனிலும் அப்படித்தான். வீரனின் ஒப்பந்தம் தாய் அணியோடுதான் இருக்கும். சம்பளத்தை இரண்டு அணிகளும் பேசிப் பங்கிட்டுக்கொள்ளும். காலம் முடிந்ததும் அவன் திரும்ப வேண்டும். சில ஒப்பந்தங்களில் இடையிலேயே திரும்ப அழைத்துக்கொள்ளவும் வழி இருக்கும்.

ஏன் அனுப்புகிறார்கள்? பெஞ்சில் உட்கார்ந்து யாரும் ஆட்டம் கற்றுக்கொள்வதில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் பெரிய அணியோடு தினமும் பயிற்சி செய்வான், சனிக்கிழமை ஆட்டத்தில் இறங்க மாட்டான். நம் விவசாயிகளுக்கு இது தெரிந்த விஷயம். நாற்றை நாற்றங்காலிலேயே வைத்திருந்தால் பச்சையாக, அழகாகத்தான் இருக்கும். வயது கடந்த பிறகு பிடுங்கி நட்டால் தூர் கட்டாது. ஆனால் இந்த உவமை பாதி வழிதான் வரும். நாற்று நாற்றங்காலுக்குத் திரும்புவதில்லை. இவன் திரும்பி வர வேண்டியவன். நான் சொல்ல வந்தது அந்த மீதிப் பாதியைப் பற்றி.

டேவிட் பெக்காம் பெயர் எல்லோருக்கும் தெரியும். 1995இல், 19 வயதில், மான்செஸ்டர் யுனைடெட் அவரை பிரஸ்டன் நார்த் எண்ட் அணிக்கு அனுப்பியது. அன்றைக்கு அது இங்கிலாந்தின் நான்காம் நிலை லீக்கில் ஆடிய அணி. தன்னைக் கழற்றி விடுகிறார்கள் என்றுதான் அப்போது பயந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அங்கே ஆடியது மொத்தம் ஐந்தே ஆட்டம், அடித்தது இரண்டு கோல். அதில் ஒன்று, முதல் ஆட்டத்திலேயே கார்னரிலிருந்து நேராக வலைக்குள் போனது. பிறகு திரும்பி வந்தார், மீதியை உலகம் அறியும். எனக்கு இதில் முக்கியம் அந்தக் கார்னர் அல்ல, அந்தப் பயம். பெரியவர்கள் 'உன் நல்லதுக்குத்தான் அனுப்புகிறோம்' என்கிறோம். பிள்ளைக்குக் கேட்பது 'நீ வேண்டாம்' என்று. யாராவது உட்கார்ந்து எடுத்துச் சொல்லாவிட்டால் அது அப்படியேதான் கேட்கும்.

ஹாரி கேன் கதை இன்னும் நீளமானது. டாட்டன்ஹாம் அவரை நான்கு அணிகளுக்கு அனுப்பியது. 2011இல் மூன்றாம் நிலையில் இருந்த லேட்டன் ஓரியண்ட். 2012இல் இரண்டாம் நிலையில் மில்வால். அந்த அணி கீழே இறங்கிவிடுமோ என்று தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. 22 லீக் ஆட்டங்களில் 7 கோல் அடித்தார், அணி தப்பித்தது. அடுத்துப் போன நார்விச்சில் கால் எலும்பு முறிந்தது, லீக்கில் ஒரு கோலும் இல்லை. லெஸ்டரில் பல நேரம் பெஞ்சு. நான்கில் இரண்டுதான் தேறியது என்று கணக்குப் போடலாம். ஆனாலும் டாட்டன்ஹாம் அவரை விட்டுவிடவில்லை. அதே அணிக்காகப் பிறகு 280 கோல் அடித்தார், அந்த அணியின் வரலாற்றில் வேறு யாரும் அவ்வளவு அடித்ததில்லை. ஒரு பருவத்து மதிப்பெண்ணை வைத்து முடிவு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாணவர் திறன் பட்டியலை நிரப்பும்போதெல்லாம் யோசிப்பேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. செல்சி அணி ஒரு காலத்தில் ஒரே பருவத்தில் 40 பேருக்கு மேல் இரவல் கொடுத்திருந்தது. அதில் மேசன் மவுண்ட், ரீஸ் ஜேம்ஸ் போன்றவர்கள் நெதர்லாந்திலும் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கிலும் ஆடித் தேறித் திரும்பி வந்து, 2021இல் செல்சி ஐரோப்பியக் கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தில் ஆடினார்கள். அதே அணியில் லூகாஸ் பியாசோன் என்று ஒரு பிரேசில் பையன் இருந்தான். பதின்ம வயதில் சேர்ந்தவன். ஸ்பெயின், நெதர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, இத்தாலி, போர்ச்சுகல் என்று வருடா வருடம் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2021 ஜனவரியில் அவன் விலகியபோது செல்சிக்காக ஆடியிருந்தது மூன்றே ஆட்டம். அனுப்பியவர்களுக்கு அவன் ஏட்டில் ஒரு பெயர். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவும் இதைப் பார்த்துத்தான் 2022 ஜூலையிலிருந்து கட்டுப்பாடு கொண்டுவந்தது. நாடு விட்டு நாடு அனுப்பும் லோன் ஒரு வருடத்துக்கு மேல் போகக் கூடாது, இரவல் வாங்கிய அணி இன்னொரு அணிக்கு இரவல் கொடுக்கக் கூடாது, ஒரு அணி இத்தனை பேரைத்தான் அனுப்பலாம். அந்த எண்ணிக்கை 8இல் தொடங்கி 2024இல் 6 ஆனது. தானே வளர்த்த, 21 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே இளைஞர்கள் ஆடுவதற்கென்றே அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010இல் ஒரு அணியைத் தொடங்கியது. இந்தியன் ஆரோஸ் என்று பெயர். சென்னையின் எஃப்சி அணிக்காக ஆடி நம் பிள்ளைகளுக்கெல்லாம் அறிமுகமான மிசோரம்காரர் ஜெஜே, புனே எஃப்சி அணியிலிருந்து இரவலாக அங்கே போய் ஆடியவர்தான். 2013இல் நின்றுபோன அந்த அணி, 2017இல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்ததும் மீண்டும் வந்தது. அந்தக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் உலகக் கோப்பை கோலை அடித்த ஜீக்சன் சிங் இந்த ஆரோஸில் ஆடினார். திரும்பி வந்த அணி ஐ-லீக்கின் முதல் ஆட்டத்திலேயே, வயதில் மூத்தவர்கள் நிறைந்த நம் சென்னை சிட்டி அணியை 3-0 என்று வென்றது. நமக்கு வருத்தம்தான், ஆனாலும் சந்தோஷப்பட வேண்டிய தோல்வி.

ஆரோஸுக்கு ஒரு சலுகை இருந்தது. கடைசி இடத்துக்குப் போனாலும் கீழ் லீக்குக்கு இறக்க மாட்டார்கள். சிறுவர்கள் பயமில்லாமல் ஆடட்டும் என்ற நல்ல எண்ணம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. மில்வாலில் ஒரு தோல்விக்கு விலை இருந்தது. ஊர்க்காரர்கள் கோபப்படுவார்கள், கூட ஆடும் முப்பது வயதுக்காரரின் சம்பளம் குறையும். அந்தக் கனத்தைத் தோளில் வாங்குவதும் படிப்புத்தானே? ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த அணி இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஆடவே இடம் கிடைத்திருக்காது. 2021-22 பருவத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் தன் இளம் வீரர் விபின் மோகனனை ஆரோஸுக்கு அனுப்பியது. அடுத்த பருவத்தில் அவர் ஐஎஸ்எல்லில் பிளாஸ்டர்ஸுக்காகவே இறங்கினார். 2022இல் ஆரோஸ் கலைக்கப்பட்டுவிட்டது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

பள்ளிப் போட்டிகளில் லோன் கிடையாது. படிக்கும் பள்ளிக்குத்தான் ஆட முடியும். ஆனால் நாமும் பிள்ளைகளை அனுப்புகிறோம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் தேர்வு நடக்கிறது. நம்மிடம் நன்றாக ஆடும் பிள்ளையை விண்ணப்பிக்க வைக்கிறோம், தேர்வுக்குக் கூட்டிப் போகிறோம், இடம் கிடைத்தால் இறைவணக்கக் கூட்டத்தில் கைதட்டி, மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறோம். அத்தோடு பதிவேட்டில் ஒரு கோடு. கால்பந்துக் கணக்கில் பார்த்தால் இது லோன் இல்லை, விற்பனை.

எங்கள் பள்ளியிலிருந்து ஒரு மாணவி அப்படிப் போனாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் குடும்பம். கையெழுத்துப் போட வந்த அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "டீச்சர், அனுப்பிட்டா அவ ஒங்க பிள்ளையா, அவங்க பிள்ளையா?" விடுதியில் சாப்பாடு எப்படி, பாதுகாப்பு எப்படி என்று கேட்பார் என நினைத்துப் பதில் தயாராக வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் உடற்கல்வி ஆசிரியர்தான் சொன்னார், "எங்க பிள்ளைதாம்மா. அங்க ஆடிட்டு வரப் போறா." சொன்னதற்காகவே பிறகு அதைச் செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டாவது, நான்காவது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நானும் மாற்றி மாற்றிப் போன் செய்தோம். 'நல்லா இருக்கியா' என்றால் எந்தப் பிள்ளையும் 'நல்லா இருக்கேன் டீச்சர்' என்றுதான் சொல்லும். அதனால் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டோம்: "இந்த வாரம் எத்தனை நிமிஷம் ஆடுனே?" முதல் மாதம் பத்து, பதினைந்து என்றாள். இரண்டாம் மாதம் "ஆடல டீச்சர்" என்றாள். மூன்றாவது முறையும் அதே பதில். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. பூட்ஸ் கடித்துக் குதிகால் இரண்டும் புண். இங்கே மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவள். பூட்ஸ் போட்டு முழு ஆட்டம் ஆடியதே இல்லை. அங்கே போய்ச் சொல்லக் கூச்சம், சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பயிற்சியாளர் அவள் ஓடத் தயங்குவதைத்தான் பார்த்திருக்கிறார், காரணம் அவருக்குத் தெரிய வழியில்லை. எங்கள் சார் அவரிடம் பேசினார். அவரும் நல்ல மனிதர், சாக்ஸ் இரண்டு ஜோடி போட வைத்து, தினமும் அரை மணி நேரம் பூட்ஸோடு நடக்க மட்டும் விட்டு, மெதுவாகப் பழக்கினார்.

இப்போது முதல் பதினொன்றில் இருக்கிறாளா என்றால், இன்னும் இல்லை. பாதி ஆட்டத்துக்கு மேல் இறக்குகிறார்கள். பொங்கலுக்கு வந்தபோது பள்ளி மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் கயிறு கட்டச் சொல்லிக் கொடுத்தாள். அம்மா வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதில் எங்களுக்கு என்ன என்று நினைக்கலாம். ஐந்தாம் வகுப்பு முடிந்து, எட்டாம் வகுப்பு முடிந்து உங்களிடமிருந்துதான் எங்களுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அந்தக் கணக்கில் நாங்கள்தான் வாங்கிக்கொள்ளும் அணி. எமிஸில் பிள்ளையின் ரத்தப் பிரிவு வரைக்கும் வந்துவிடுகிறது. வெறுங்காலில் ஆடியவள் என்பது வருவதில்லை. கணக்கில் வகுத்தல் வந்தால் வயிற்றுவலி என்பான், கூட நின்றால் போட்டுவிடுவான் என்பது வருவதில்லை. அதெல்லாம் அவனை மூன்று வருடம் வைத்திருந்த ஆசிரியரின் தலைக்குள் இருக்கிறது. அந்த ஆசிரியரின் போன் நம்பர் நம்மிடம் இருக்கிறது, பெரும்பாலும் ஒரே வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறோம். ஜூன் மாதத்தில் நாம் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதில்லை. டெங்கு விழிப்புணர்வுப் படத்தைத்தான் அனுப்பிக்கொள்கிறோம்.

பெஞ்சு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், உடற்கல்வி ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் துடிப்பாக இருந்தால் அவனை 17 வயதுக்கு உட்பட்டோர் அணியில் மாற்று ஆட்டக்காரனாகச் சேர்த்துக்கொள்கிறோம். அவனுக்கும் பெருமை, வீட்டிலும் பெருமை. நான்கு இடத்துக்குப் போய் வருவான், ஒரு நிமிடம் ஆட மாட்டான். அதே பையன் 14 வயதுக்கு உட்பட்டோர் அணியில் இருந்தால் எல்லா ஆட்டமும் ஆடுவான், தோற்றால் அழுவான், அடுத்த வாரம் வேறு மாதிரி ஆடுவான். ஊர்க் குழுக்கள் பொங்கலுக்கு நடத்தும் போட்டிகளில் சின்ன அணி ஒன்று அவனைக் கேட்டால், வீட்டில் சம்மதித்து, வயதுக்கு மீறிய முரட்டு ஆட்டமாக இல்லாமல் இருந்தால், விடலாம் என்பது என் எண்ணம். பள்ளிப் பெயர் கெட்டுவிடும் என்று தடுப்பவர்கள் உண்டு. காயம் பட்டால் யார் பொறுப்பு என்பது நியாயமான கேள்வி. அதை முன்கூட்டியே பெற்றோரோடும் குழுவோடும் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரேயடியாகக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பள்ளியில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். வெளியே போன பிள்ளைகளின் பெயர், அங்கே பொறுப்பாளரின் போன் நம்பர், பேசிய தேதி, ஆடிய நிமிடம். நான்கு பெயர்கள் இருக்கின்றன. இரண்டு பேர் விளையாட்டு விடுதியில், ஒருவன் பாலிடெக்னிக்கில், ஒருத்தி தஞ்சாவூரில் சித்தி வீட்டிலிருந்து பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்குக் கால்பந்தே தெரியாது, அவளிடம் எத்தனை நிமிடம் என்று கேட்க முடியாது. "இந்த வாரம் வகுப்புல எத்தனை தடவை கை தூக்குனே?" என்று கேட்கிறோம். போன வாரம் இரண்டு என்றாள்.

நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் பார்க்க விரும்புபவர்கள் பார்க்கலாம்.