பதிவுப் பெட்டிக்கு மின்னும் செய்தியும்

ஆற்காட்டிற்கும் வேலூருக்கும் இடையே, பாலாற்றங்கரையை அடுத்துள்ள ஊர் மேல்விஷாரம். தோல் பதனிடுதல் இவ்வூரின் பழந்தொழில்களுள் ஒன்று. முற்காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்தனர். பின்னர்க் குரோமிய உப்பு வந்தது. தோல் கெடாதிருக்க உப்பும், மயிர் களையச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்கின்றன. இவையெல்லாம் நீரோடு வெளியேறினால் ஆறும் கிணறும் என்னவாகும் என்பதை இப்பகுதி உழவர்களிடம் கேட்டாலே போதும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைச் சட்டம் பயிலும் மாணவர்கள் அறிவார்கள். 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் பதனிடுதல் உள்ளிட்ட பதினேழு வகைத் தொழில்கள் தம் கழிவுநீரை இடைவிடாது அளந்து, அவ்வளவுகளை உடனுக்குடன் அனுப்பும் கருவிகளை நிறுவ வேண்டுமெனப் பணித்தது.

அக்கருவிகளின் நடுவே ஒரு சிறு பெட்டி இருக்கும். டேட்டா லாகர் என்று பொறியாளர்கள் அதை அழைக்கிறார்கள். நாம் பதிவுப் பெட்டி என்போம். உணர்கருவிகள் சொல்வதைக் கேட்டு, நேரத்தோடு குறித்து வைத்து, தொலைவிலுள்ள அலுவலகத்திற்கு அனுப்புவது அதன் வேலை. இப்பெட்டிக்கு மின்சாரமும் செய்தித் தொடர்பும் எவ்வாறு கொடுப்பது என்பதே இன்றைய பேச்சு. பொருள் சிறிதுதான், ஆனால் இந்த இரண்டு இணைப்புகளில் பிழை நேர்ந்தால், குற்றமற்றவன் தண்டனை பெறலாம், குற்றவாளி தப்பிவிடலாம்.

முதலில் மின்சாரம். தொழிற்சாலைக்குள் மின்வாரியக் கம்பி உண்டு. ஆயினும் பெட்டியை நேரே அதில் பூட்டுவதில்லை. மின்னேற்றி ஒன்று 12 வோல்ட் மின்கலத்தை நிரப்ப, மின்கலமே பெட்டியை ஊட்டும். மின்வெட்டு நேர்ந்தாலும் பதிவு நிற்காது. ஆற்றங்கரைக் கிணற்றில் வைக்கும் பெட்டிக்கோ கதிரவனே துணை. அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டி, உணர்கருவி, செய்தி அனுப்பும் மோடம் ஆகிய மூன்றும் சேர்ந்து சராசரி 100 மில்லி ஆம்பியர் உண்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி ஆகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஐந்து நாள் மூடாக்கு இருந்தால் 12 ஆம்பியர்-மணி வேண்டும். ஈயக்கலத்தைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 24 ஆம்பியர்-மணிக்குக் குறையாத கலம் தேவை. மழைக்காலத்தில் முழு வெயிலுக்குச் சமமாக நாளொன்றுக்கு நான்கு மணி நேரமே கிடைக்குமெனக் கொண்டால், 20 வாட் சூரியப் பலகை ஓரளவு போதும். கோடைக் கணக்கை நம்பிப் பலகை வாங்குபவன் மழையில் ஏமாறுவான். நமக்கு நிலத்தடி நீரின் செய்தி மிகவும் வேண்டியதும் மழைக்காலத்தில்தானே!

நான் கண்ட ஒரு பெட்டி, செய்தி அனுப்ப முனையும்போதெல்லாம் மயங்கி விழுந்தது. மற்ற நேரமெல்லாம் நலமாகவே இருந்தது. மின்கலத்தை இரு முறை மாற்றியும் பயனில்லை. காரணம் கம்பியில் இருந்தது. மின்கலம் 30 மீட்டர் அப்பால். அரை சதுர மில்லிமீட்டர் மெல்லிய செப்புக் கம்பி. போக வர 60 மீட்டரின் தடை சுமார் 2.1 ஓம். மோடம் பேசத் தொடங்கும் கணத்தில் ஓர் ஆம்பியர் இழுத்தால், 2.1 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 12 வோல்ட் புறப்பட்டு 10க்கும் குறைவாகப் போய்ச் சேர்ந்தால் பெட்டி என்ன செய்யும்? கல்லூரி முதலாண்டில் நாம் படித்த ஓமின் விதியை அன்று ஒருவரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

இனி செய்தித் தொடர்பு. உணர்கருவி பெட்டியோடு பேசும் பழைய வழி 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள மின்னோட்டம். மணிக்கு 0 முதல் 100 கன மீட்டர் வரை அளக்கும் ஓட்டமானியில், நீர் ஓடாதபோது 4; பாதி ஓடும்போது 12; முழுதும் ஓடும்போது 20. சுழியத்திற்கு ஏன் 4? கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும். "நீர் ஓடவில்லை" என்பதும் "எனக்குத் தெரியவில்லை" என்பதும் வேறு வேறு செய்திகள். அவ்வேற்றுமையைக் காப்பதற்கே அந்த நான்கு. பெட்டியில் இதைச் சரியாக அமைக்காமல், அறுந்த கம்பியையும் சுழியமென்று எழுதவிட்டால், நள்ளிரவில் கால்வாய் நிறைய ஓடிய கழிவும் ஏட்டில் ஓடாததாகிவிடும்.

புதிய வழி ஆர்.எஸ்.485 என்னும் இரட்டைக் கம்பி. முறுக்கிய இவ்விணையில் 1,200 மீட்டர் வரை செய்தி செல்லும். இரு முனைகளிலும் 120 ஓம் தடை வைக்க வேண்டும். இரு கம்பிகளும் இடம் மாறக் கூடாது. பேசும் வேகம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து வெளியூருக்குப் போகக் கைபேசிக் கோபுரத்தோடு பேசும் மோடம் உண்டு. அதன் அலைவாங்கியை இரும்புப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுத் தொடர்பு இல்லையே என்று வருந்துவோரும் உளர். தொடர்பு அறும் வேளையில் பெட்டி தன் நினைவில் சேமித்து, மீண்டதும் நிலுவையை அனுப்ப வேண்டும். கடிகாரத்தையும் நோக்குங்கள். அது கிரீனிச் நேரத்தில் ஓடினால், நம் ஊரில் அதிகாலை 2 மணிக்கு நடந்தது முந்திய நாள் இரவு 8.30 என்று பதிவாகும்.

தோல் பதனிடும் இடங்களுக்கே உரிய பகை ஒன்றுண்டு. சல்பைடு கலந்த கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பைக் கருக்கச் செய்யும். கருத்த முனையில் தடை ஏறும், அளவும் தள்ளாடும். ஆதலால் கம்பிகள் பெட்டியின் அடிப்புறமாக, இறுக்கமான ரப்பர் வளையங்களின் வழியே நுழைய வேண்டும். முனைகளை அவ்வப்போது திறந்து பார்ப்பதும் வேண்டும்.

இணைக்கும் வரிசை இது: முதலில் நிலத்தொடுப்பு, பிறகு உணர்கருவிகள், அலைவாங்கி, எல்லாவற்றிற்கும் இறுதியில், உருகுகம்பி வழியே மின்கலம். மின்கலத்தை மாட்டுமுன் எது நேர்முனை, எது எதிர்முனை என்பதை அளவுமானியால் பார்த்துவிடுங்கள். எல்லாம் ஓடத் தொடங்கியதும் உடனே வீடு திரும்பிவிடாதீர்கள். ஓர் உணர்கருவியின் கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, தொலைவிலுள்ள அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, அங்குள்ள திரை என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். "பழுது" என்று காட்டினால் கம்பியை மாட்டிப் பெட்டியைப் பூட்டலாம். "சுழியம்" என்று காட்டினால், அன்றைய வேலை இன்னும் முடியவில்லை.