சீகிரியாக் குளத்தில் மக்களுக்கு ஓர் ஓடத்துறை



சீகிரியாக் குளத்தில் பொதுமக்கள் ஓடம் ஏறி மகிழ ஒரு துறை அமைத்தல் வேண்டும் என்னும் கருத்தினை உங்கள்முன் வைக்கவே நாம் வந்துள்ளோம். மண்டபத்தினுள் நுழையும்போதே பெரியவர் ஒருவர் நம்மை மறித்து, “அரிசி விற்கிற விலையில் ஓடம் ஒரு கேடா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறாமல் மேலே செல்லுதல் நேர்மையன்று.

சீகிரியாவில் நீர் விளையாட்டு என்பது இன்று நேற்றுப் பிறந்ததன்று. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன், குன்றின் மேற்குப் புறத்தில் குளங்களும் அகழிகளும் நிலத்தடி நீர்க்குழாய்களும் கொண்ட பூங்காவை அமைத்தான். துளையிட்ட கல்லின் வழியே நீர் பீறிட்டெழும் ஊற்றுக்கள், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் மழைக்காலத்தில் இன்னும் பாய்கின்றன. குன்றின் தெற்கே அணை கட்டித் தேக்கிய பெருங்குளமோ, பழைய பரப்பிற் பெரும்பகுதியை இழந்து இன்று சுருங்கிக் கிடக்கிறது. அந்தக் கல்லைச் சுமந்தவன் யார்? அந்த மண்ணை வெட்டியவன் யார்? அவன் மனைவி மக்கள் அப்பூங்காவின் நீரில் காலேனும் நனைத்திருப்பார்களா? அரசன் ஒருவனின் இன்பத்துக்காக ஊரே உழைத்த இடத்தில், ஊருக்கே இன்பம் கிட்ட வேண்டும் என்று கேட்பது கேடாகாது, ஐயா! வாரம் முழுதும் கொழுந்து பறிப்பவளுக்கும் வயலில் நிற்பவனுக்கும் அரை நாள் ஓய்வு, அரிசிக்கு அடுத்தபடியான தேவையே.

இன்றைய நிலை என்ன? இனாமலுவைச் சந்தியிலிருந்து கிம்பிஸ்ஸை வரை விடுதிகளும் கடைகளும் பெருகிவிட்டன. ஹபரணைப் பக்கத்துக் குளங்களில் கிராமத்தவர் இரண்டு தோணிகளைப் பலகையாற் பிணைத்து வெளிநாட்டாரை ஏற்றிச் செல்கின்றனர். அதற்குக் ‘கட்டமரான்’ என்று பெயர். நம் கட்டுமரம் ஆங்கிலேயன் வாயிற் புகுந்து, உருமாறி, இரட்டைத் தோணியாகித் திரும்பி வந்திருக்கிறது! அத்தொழிலைச் செய்யும் ஏழைகளை நாம் குறை கூறவில்லை; அவர்கள் வாழட்டும். ஆனால், மாத்தளைத் தோட்டத்துப் பாடசாலையிலிருந்து பேருந்தில் நெருக்கியடித்து வரும் பிள்ளை, குன்றை ஏறி இறங்கி, குளத்தைக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறதே, அது ஏன்? டாலர் கொண்டு வருபவனுக்கு மட்டுமா தாமரை பூக்கிறது?

சரி, துறை வேண்டும். எப்படி வேண்டும்? ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு குளத்தில் இறங்கலாகாது.

குளம் முதலிற் கமக்காரனுடையது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கமக்காரர் கூடி, நீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அவர்தம் அமைப்புகளுக்கு இடமளித்துள்ளது. அவர்களைக் கேளாமல் எழுதப்படும் எத்திட்டமும் நம் திட்டமன்று. ஓடம் மிதக்க வேண்டுமென்று மதகை அடைத்து வைத்தால், கீழே பயிர் வாடும். வடகீழ்ப் பருவமழையில் நிறையும் குளம், ஆடி ஆவணியில் வற்றி அலைகரை வெடித்துக் கிடக்கும். ஆகவே ஆண்டு முழுதும் ஓடம் ஓடும் என்று எவரேனும் கணக்குக் காட்டினால் நம்பாதீர்கள். நீர் இறங்க இறங்கத் தானும் இறங்கும் மிதவைத் துறையே பொருந்தும். அதற்காகக் குளக்கட்டை ஓரடியும் வெட்டலாகாது. சீகிரியா 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய இடம். கடப்பாரை ஓங்குமுன் தொல்பொருள் திணைக்களத்தின் ஒப்புதல் கட்டாயம் வேண்டும்.

இயந்திரப் படகு வேண்டவே வேண்டாம். துடுப்பும் மிதியும் போதும். 1873இல் அமைந்த நுவரெலியாவின் கிரகரி ஏரியில் இயந்திரங்களின் இரைச்சலைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இனி, உயிரைப் பற்றிப் பேசுவோம். இதனைச் சற்று விரிவாகவே சொல்ல எண்ணுகிறோம்.

2009 செப்டெம்பர் 30ஆம் நாள், கேரளத்துத் தேக்கடியில், முல்லைப் பெரியாற்று நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். தனியார் படகன்று, அரசுக் கழகத்தின் படகு! கரையில் விலங்குகளைக் கண்டு மக்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் காரணமெனக் கூறப்பட்டது. சீகிரியாவைச் சூழ்ந்த காட்டிலும் யானை உண்டு. குளக்கரைக்கு யானை வந்தால் நம் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மீண்டும் 2023 மே 7ஆம் நாள், அதே கேரளத்துத் தானூரில் 22 பேர் மாண்டனர். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மிஞ்சி ஆள் ஏற்றி, பொழுது சாய்ந்தபின் ஓட்டினார்கள்.

அயல்நாட்டுக் கதை என்பீர்களோ? 2021 நவம்பர் 23ஆம் நாள், நம் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டி முடியாத நிலையில் மக்களை ஏற்றிய மிதவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சின்னஞ்சிறார்கள் நீரில் மூழ்கினார்கள். அது களியாட்டமன்று; வேறு வழியற்ற பயணம். வேறு வழியற்றவர்க்கே காப்பில்லாத நாட்டில், விளையாடப் போகிறவர்க்குக் காப்புத் தானாக வந்துவிடுமா?

ஆகவே நாம் கேட்பன இவை. மிதவை அங்கி அணியாத எவரும், அமைச்சரேயாயினும், ஓடத்தில் ஏறலாகாது. ஓடத்தின் பக்கத்திலேயே ஆள் எண்ணிக்கை எழுதப்படல் வேண்டும். பொழுது சாயுமுன் துறை மூடப்படல் வேண்டும். நீந்தத் தெரிந்த ஊர் இளைஞர் இருவரேனும் சம்பளத்துடன் காவல் நிற்றல் வேண்டும். குளத்தில் முதலை உண்டா என்பதை வனசீவராசிகள் திணைக்களம் பார்த்துச் சொல்லுதல் வேண்டும். எச்சரிக்கைப் பலகையில் தமிழ் இருத்தல் வேண்டும். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. பலகையில் மட்டும் அது ஏனோ மறந்துபோகிறது! இங்கே மறந்தால் பெருமை மட்டும் போவதன்று. படிக்க முடியாத பிள்ளையின் உயிரும் போகும்.

மற்றொன்று, கழிவு. 1990களின் தொடக்கத்தில் கண்டலமைக் குளத்தருகே பெருவிடுதி எழ முற்பட்டபோது, குளத்து நீர் கெடும் என்று அஞ்சி ஊர் மக்களும் பிக்குகளும் எதிர்த்துக் கிளர்ந்தனர். விடுதி எழுந்தது, அவ்வச்சத்தை நாம் எள்ளவில்லை. ஜான் சலிவன் 1820களில் அமைத்த உதகமண்டல ஏரியில் நகரக் கழிவு கலந்த கதையை நீலகிரியிற் கேட்டுப் பாருங்கள். ஓடத்துறை வந்தால் தேநீர்க்கடை வரும், தேநீர்க்கடை வந்தால் கழிப்பறை வரும். அக்கழிப்பறையின் வடிகால் குளத்தின் பக்கம் திரும்புமாயின், அன்றே துறையைப் பூட்டச் சொல்லுவோம்.

யார் நடத்துவது? தம்புள்ளைப் பிரதேச சபை நடத்தலாம். கமக்காரர் அமைப்பும் தோணிக்காரரும் கூட்டுறவாகச் சேர்ந்து நடத்தினால் இன்னும் நன்று. ஒரு முதலாளிக்கு முப்பதாண்டுக் குத்தகை என்று மட்டும் வந்துவிடலாகாது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கூடாது. வருவாயில் ஒரு பங்கு, குளத்தைத் தூர்வாரவும் சல்வீனியாவைக் களையவும் கட்டாயம் போய்ச் சேரல் வேண்டும். தோணிக்காரர் பிழைப்புப் போய்விடும் என்று அவர்களுள் ஒருவர் நம்மிடம் வருந்தினார். முதல் வேலை அவர்களுக்கே என்று மகஜரிற் சேர்த்துள்ளோம்.

அம்மகஜர், தமிழிலும் சிங்களத்திலும், வாயிலருகே மேசைமீது உள்ளது. கையொப்பமிடுமுன் அதன் நான்காம் பத்தியை ஒருமுறை வாசியுங்கள். நீர் திறக்கும் நாட்களில் ஓடம் ஓடலாமா என்பது அதிலே இன்னும் முடிவாகவில்லை. கமம் செய்வோர் இங்கு பலர் இருக்கின்றீர்கள். உங்கள் வாயால் அதற்கு விடை கேட்டு எழுதிய பின்னரே அதனைத் தம்புள்ளைக்குக் கொண்டு செல்வோம்.