வங்கியிற் பயின்ற நம் மாணவர்

1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தின்கீழ்ப் பட்டதாரிகள் இந்நாளில் வங்கிகளிலும் ஓராண்டு பயில்கின்றனர். கங்காதர நெல்லூரைச் சேர்ந்த நம் மாணவர் ஒருவர் சித்தூரில் அவ்வாறு பயின்றார். பேரேடெல்லாம் கணினிக்குள் புகுந்துவிட்டமையால், பிறருக்குச் சலான் நிரப்பித் தருவதே அவர் வேலையாயிற்று. "பட்டம் பெற்றது இதற்கோ?" என்று நம்மிடம் வருந்தினார். இருபதாண்டாக ரயில்வேயில் படிவம் நிரப்பும் நமக்கோ நகைப்பே வந்தது!

தெலுங்கும் ஆங்கிலமும் அறியாத தமிழ் மூதாட்டி ஒருவர் கைநாட்டு வைத்துப் பணமெடுக்க வந்தார். எழுதுவோர் எத்தொகை எழுதினும் அவருக்குத் தெரியாது. நம் மாணவர் தொகையைத் தமிழில் சொல்லி, அவர் தலையசைத்த பின்னரே எழுதினார். பணத்தையும் இருமுறை எண்ணிக் காட்டினார். அதன்பின் அவ்வம்மையார் வேறெவரிடமும் சீட்டை நீட்டுவதில்லையாம்.

பயின்றோர்க்கு வேலை உறுதியன்று. அவர் இப்போது வங்கித் தேர்வுக்குப் படித்து வருகின்றார்.