கடல் பார்க்க வந்த நமக்கும் கடமை உண்டு

(ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் சங்கத்தின் குடும்பச் சுற்றுலா காரைதீவுக்குச் சென்றபோது, முதல் நாள் மாலை, தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



விடியற்காலை இருட்டில் தோட்டத்தில் பஸ் ஏறினோம். பதுளை, பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ, அம்பாறை, சம்மாந்துறை என்று இறங்கி வந்து, இப்போது காரைதீவில் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளைகளில் பலர் இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள். பெரியவர்களிலும் சிலர் அப்படித்தான். "இவ்வளவு தண்ணி இங்க கெடக்கு, நம்ம பீலியில மட்டும் ஏன் வர மாட்டேங்குது?" என்று நம் அம்மா ஒருவர் கேட்டார். சிரித்தோம். ஆனால் அது சங்கம் பதில் தேட வேண்டிய கேள்வி. அதை ஊருக்குத் திரும்பியதும் பேசுவோம்.

நாளைக் காலை தண்ணீரில் இறங்குவதற்கு முன் சில விசயங்களைப் பேசிவிட வேண்டும். எல்லோருக்கும் பசி என்று தெரியும். சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலில் ஒன்று. நாம் இங்கே வந்தது ஆடம்பரம் அல்ல. "தோட்டத்து ஆளுக்கு எதற்கு ட்ரிப்?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 1948 இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தில் 24 ஆவது உறுப்புரை, ஓய்வும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் ஒவ்வொரு மனிதரின் உரிமை என்று சொல்கிறது. 1936 இல் பிரான்ஸ் நாட்டுத் தொழிலாளர் பெரிய வேலைநிறுத்தம் செய்து இரண்டு வாரச் சம்பள விடுமுறையைப் பெற்றார்கள். அந்தக் கோடையில் அங்கேயும் பல குடும்பங்கள் முதன்முறையாகக் கடலைப் பார்த்தன. நம் மூதாதையர் தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த பயணம் விடுமுறைப் பயணம் அல்ல. 2023 இல், 200 வருட நினைவாக, நம் மக்கள் அதே வழியில் நடந்தார்கள். அந்த வழியில் வந்தவர்களின் பிள்ளைகள் இன்று கடல் பார்க்க வந்திருக்கிறோம். தலை நிமிர்ந்து வந்திருக்கிறோம்.

உரிமையோடு வந்த நமக்குக் கடமையும் இருக்கிறது. அது என்னவென்று தெரிய வேறெங்கும் போக வேண்டாம். நம் மலையையே நினைத்துப் பாருங்கள்.

எல்லவுக்கும் ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் நுவரெலியாவுக்கும் எத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள்! வருபவர்களில் நல்லவர்களும் உண்டு. கும்பிட்டு, சிரித்து, பெயர் கேட்டு, பிறகு படம் எடுப்பவர்கள் உண்டு. ஆனால் கொழுந்துக் கூடையோடு சரிவில் நிற்கும் நம் பெண்களை, கேட்காமலே படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்? பீலியில் குளிக்கும் பிள்ளையைப் படம் எடுக்கிறார்கள். லயத்துக் கதவுக்குள்ளே போனை நீட்டுகிறார்கள். நாம் குடிக்கும் ஓடையின் மேல்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பொதியை அங்கேயே விட்டுப் போகிறார்கள். அழகான மலை என்கிறார்கள். அந்த மலையில் ஆட்கள் இருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. அதைப் பற்றி எத்தனை கூட்டத்தில் கோபப்பட்டிருக்கிறோம்!

தோழர்களே, போன வருடம் இதே கரையோரத்தில் நாமும் அதைத்தான் செய்தோம்.

மறைக்க வேண்டியதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போன வருடம் இரண்டு பஸ்ஸில் வந்தோம். நம் இளைஞர்கள் சிலர் குடித்துவிட்டுக் கடலில் இறங்கினார்கள். ஒருவனை அலை இழுத்துக்கொண்டு போனது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப் பாய்ந்து அவனைத் தூக்கி வந்தார்கள். அவன் இன்று கொழுந்து மடுவத்தில் வேலை செய்கிறான்.

கரைவலை என்றால் என்னவென்று மலையில் பலருக்குத் தெரியாது. தோணியில் வலையை ஏற்றிப் போய்க் கடலில் வளைத்துப் போடுவார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, மணிக்கணக்காகக் கயிறு இழுத்து, வலையைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கிடைத்த மீனில்தான் அத்தனை பேருக்கும் பங்கு. பாதியில் கயிற்றை விட்டால் வலை சரியும், மீன் போகும். அன்றைக்கு அவர்களுக்கு மீன் போனது. அரைப் பேர் போட்டால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். நம் பையனுக்காக அவர்கள் ஒரு முழு நாள் உழைப்பைக் கடலில் விட்டார்கள்.

நாம் என்ன செய்தோம்? பயத்தில் பையனைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம். ஒரு நன்றி சொல்லவில்லை. நூறுக்கு மேற்பட்ட சாப்பாட்டுப் பொதிகளும் யோகட் கப்பும் போத்தலும் மணலில் கிடந்தன. இரண்டு மாதம் கழித்துச் சங்க வேலையாக இந்தப் பக்கம் வந்தபோது, அந்த வலைக்காரர்களில் முதியவரான ஒரு காக்காவைச் சந்தித்தோம். கோபமாகப் பேசவில்லை. "மீன் வாறதுக்கு முந்தி உங்கட சோத்துப் பார்சல்தான் தம்பி வலைக்குள்ள வருகுது" என்று மட்டும் சொன்னார்.

இளைஞர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அமைப்பாளர்கள் என்ற முறையில் முதல் தவறு எங்களுடையது. பொலித்தீன் லஞ்ச் ஷீட் 2017 செப்டம்பரிலிருந்து இந்த நாட்டில் தடை. அது தெரிந்திருந்தும் அதில் சுற்றிய சாப்பாட்டை வாங்கியது நாங்கள். இப்படி ஒரு கூட்டம் வைத்துப் பேசாததும் நாங்கள்தான்.

இந்தக் குப்பை எங்கே போகிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளுங்கள். கடலுக்குப் போகாதது குப்பை வண்டியில் போகும். இந்த மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்தில் கரையோர ஊர்களின் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். யானைகள் சாப்பாட்டு வாசனைக்கு அங்கே வந்து, சோற்றோடு பொலித்தீனையும் விழுங்கின. எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் அப்படிச் செத்ததாக 2022 இல் செய்தி வந்தது. நாம் கட்டிக்கொண்டுவரும் ஒரு சோற்றுப் பொதி இவ்வளவு தூரம் போகும்.

அதனால்தான் இந்த முறை வீட்டிலிருந்து தட்டும் டம்ளரும் கொண்டுவரச் சொன்னோம். தண்ணீர் பெரிய கேனில் இருக்கிறது. போத்தல் வாங்க வேண்டாம். மிஞ்சும் பிளாஸ்டிக்கைச் சாக்கில் கட்டி நம் பஸ்ஸிலேயே திரும்பக் கொண்டுபோவோம். வழியில் யானையைக் கண்டால் வாழைப்பழம் எறிய வேண்டாம். ரோட்டில் சாப்பாடு கிடைக்கும் என்று பழகிய யானை ரோட்டிலேயே நிற்கும். கடைசியில் ஆளும் சாகும், யானையும் சாகும்.

அடுத்தது, இந்த ஊரையும் ஆட்களையும் பற்றி. காரைதீவு, 1892 இல் சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊர். யாழ்நூல் எழுதிய அவர், நம்மைப் போல வாத்தியார் வேலை பார்த்தவர்தான். இங்கே கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசியில் திருக்குளிர்த்தி நடக்கும். வடக்கே மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை. தெற்கே நிந்தவூர். இவை முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள். எல்லோரும் பேசுவது தமிழ்தான். ஆகவே பஸ்ஸில் ஸ்பீக்கர் போட்டு ஆடிப் பாடி வரும்போது, பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் சத்தத்தை நிறுத்துங்கள். குளித்த ஈரத்தோடு, சட்டை போடாமல் கடைத்தெருவில் நடக்காதீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடை பூட்டியிருந்தால் முணுமுணுக்காமல் காத்திருங்கள். நம் தீபாவளிக்கு லீவு கேட்டு நாம் நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள். மதுப் போத்தல் இந்த முறை பஸ்ஸில் இல்லை. இங்கேயும் வாங்கக் கூடாது. இது மாதர் சங்கத்தின் தீர்மானம். அவர்களிடம் யாரும் வாதாட வேண்டாம்.

இன்னொன்று மெதுவாகச் சொல்ல வேண்டியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்கள் போனது இந்த அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேல். நீங்கள் நாளை பேசப்போகும் பெரியவர்களில் பிள்ளையை இழந்தவர் இருக்கலாம், தாயை இழந்தவர் இருக்கலாம். "உங்க வீட்டில எத்தனை பேரு?" என்று வேடிக்கைக்குக் கேட்காதீர்கள். நினைவிடத்தில் நின்று சிரித்துப் படம் எடுக்காதீர்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த மண் முன்னால் அழுதுகொண்டு நின்ற நம் ஆட்களின் முகத்துக்கு நேரே ஒருவர் போனை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நம்முடையதையும் சொல்லுங்கள்.

காசு விசயம். நம்மிடம் அதிகம் இல்லை. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. கொஞ்சக் காசானாலும் அது யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். மீன் வேண்டுமானால் கரையில் வலைக்காரரிடமே வாங்குங்கள். சாரமோ சேலையோ வேண்டுமானால், கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் கைத்தறி நெய்கிறார்கள். அங்கே வாங்கினால் நெய்தவர் வீட்டில் அடுப்பு எரியும். விலை கேட்கலாம். அதற்காக அடித்துப் பிடித்துக் குறைக்க வேண்டாம். ஈரம் என்று சொல்லி நம் கொழுந்தில் கிலோ கழிக்கும்போது நமக்கு வயிறு எரிகிறதே, அது நெசவாளிக்கும் எரியும்.

கடைசியாகக் கடல். ஆகஸ்டில் அமைதியாகத் தெரியும். நம்பிவிடாதீர்கள். நம்மில் நீந்தத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. முழங்காலுக்கு மேல் போக வேண்டாம். ஊர்க்காரர் காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். பிள்ளைகளின் கையை விட வேண்டாம். போ என்று அவர்கள் சொன்னால் ஏன் என்று கேட்காமல் கரையேறுங்கள்.

நாளைக் காலை, குளிப்பதற்கு முன், எல்லோரும் சேர்ந்து அந்தக் கரைவலைக்காரர்களிடம் போகிறோம். காப்பாற்றப்பட்ட பையன் நம்மோடு வந்திருக்கிறான். நம் தோட்டத்துத் தேயிலையில் ஒரு பொதி கொண்டுவந்திருக்கிறான். போன வருடம் சொல்லாத நன்றியைச் சொல்லுவோம். சம்மதித்தால் நாமும் ஒரு பக்கக் கயிற்றைப் பிடித்து இழுப்போம். பங்கு கேட்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம்.

திரும்பிப் போன பிறகு, நம் ஓடைக்கு மேலே யாராவது பொதியைப் போட்டால், "ஐயா, இது நாங்கள் குடிக்கும் தண்ணீர், எடுத்துக்கொண்டு போங்கள்" என்று தைரியமாகக் கேட்கலாம். போன வருடம் அப்படிக் கேட்க நமக்கு வாய் இருக்கவில்லை. இந்த வருடம் இருக்கட்டும்.

வாருங்கள், தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். முதலில் பிள்ளைகள்.