பதிவேடு மும்பையில், கருவி மரக்காணத்தில்

மருத்துவமனைக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கருத்தரங்கு, இரும்பை: தலைமை உரை



சென்னையில் ஏ.சி. அரங்கம் கிடைக்கும்போது இந்தக் கருத்தரங்கை இரும்பையில் நடத்துவானேன் என்று நண்பர்கள் கேட்டார்கள். சம்பந்தர் பாடிய மாகாளம் சிவன் கோயில் இருக்கிறது, அப்படியே ஒரு தரிசனமும் ஆயிற்று என்று சொல்லிவைத்தேன். உண்மைக் காரணம் வேறு. இங்கிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் மரக்காணத்து உப்பளங்கள், அதையும் தாண்டிப் போனால் கல்பாக்கம் அணுஉலை. தெற்கே திரும்பினால் சற்று நேரத்தில் மாநில எல்லை, புதுச்சேரி, ஜிப்மர் மருத்துவமனை. அணுஉலையைக் காக்க நாம் எவ்வளவு மெனக்கெடுகிறோம், எக்ஸ்ரே அறையைக் காக்க எவ்வளவு மெனக்கெடுகிறோம் என்று ஒரே நாளில் பார்த்துவிட்டு வர இதைவிடத் தோதான ஊர் இல்லை.

கதிர்வீச்சு என்றதும் இந்தப் பக்கத்து மக்கள் கல்பாக்கத்தைத்தான் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் மனிதன் உண்டாக்கிய கதிர்வீச்சில் ஒரு சாதாரணக் குடிமகனின் உடம்பில் சேர்வது பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்துதான். மண்ணும் வானமும் தருவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்; உடம்பு ஏற்கும் கதிரை அளக்கும் அலகு அது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் சேர்வது அதில் சிறு துளிதான், 0.1-க்கும் கீழே. வயிற்றுக்கு ஒரு சி.டி. எடுத்தால் ஏறத்தாழ 8, 10 வரை போகும். நூறு நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம். இரண்டையும் "ஒரு படம் எடுத்துட்டு வாங்க" என்ற ஒரே வாக்கியத்தில் எழுதி அனுப்புகிறோம்.

நம்மிடம் சட்டத்துக்குக் குறைவில்லை. 1962-இல் அணுசக்திச் சட்டம் வந்தது. 1983 நவம்பர் 15 அன்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. 2004-இல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் வந்தன. அறையின் அளவு, சுவரின் கனம், கதவில் ஈயத் தகடு, வெளியே சிவப்பு விளக்கு, பணியாளர் நெஞ்சில் கதிரேற்பை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. பணியாளருக்கு ஐந்தாண்டில் மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. நோயாளிக்கு மட்டும் வரம்பு கிடையாது. அதை ஓட்டை என்று நினைக்க வேண்டாம். உயிரைக் காக்கும் சி.டி.க்கு எந்தச் சட்டமும் உச்சவரம்பு போட முடியாது. அதனால் பொறுப்பு முழுவதும் சீட்டு எழுதும் மருத்துவர் மேலும், கருவியைச் சரியாக வைத்திருக்கும் நிர்வாகத்தின் மேலும் விழுகிறது. கண்காணிப்பு அங்கேதான் வேண்டும். அங்கேதான் அது மெலிந்துபோகிறது.

எவ்வளவு மெலிந்திருந்தது என்பதை 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை நாட்டுக்குச் சொன்னது. இந்தியாவில் இயங்கிய மருத்துவ எக்ஸ்ரே நிலையங்கள் 57,443. வாரியத்திடம் பதிவு பெற்றவை 5,270. மீதி 52,173, அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று, வாரியத்தின் கணக்கிலேயே இல்லை. அணுஉலையின் ஒவ்வொரு வால்வுக்கும் கோப்பு வைத்திருந்த நாடு, தன் எக்ஸ்ரே மெஷின்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் இருந்தது. மாநிலம்தோறும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்குநரகம் அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2001-இலேயே சொல்லியிருந்தது. சி.ஏ.ஜி. பார்த்தபோது அமைத்திருந்தவை கேரளமும் மிசோரமும் மட்டும். அதன் பிறகு இ-லோரா என்ற இணையவழி உரிம முறை வந்தது, பதிவுகள் பெருகின. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பதிவு வேறு, பார்வை வேறு. மும்பை அணுசக்தி நகரில் உட்கார்ந்து ஒரு கணினித் திரையில் மரக்காணத்துக் கருவியைப் பார்க்கலாம். அந்த அறைக் கதவில் ஈயம் இருக்கிறதா, ஆபரேட்டர் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறாரா என்பதைப் பார்க்க முடியாது.

நேரில் போய்ப் பார்ப்பது நம்மால் ஆகாத காரியமா? ஸ்கேன் சென்டர் நடத்துகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், சொல்லுங்கள். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒவ்வோர் அல்ட்ராசவுண்ட் கருவிக்கும் மாவட்டத்தில் பதிவு உண்டு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் உண்டு. 90 நாட்களுக்கு ஒருமுறை ஆய்வு என்று விதி சொல்கிறது. தப்பு கண்டால் கருவிக்குச் சீல். அந்தச் சட்டம் வேண்டியதுதான், தளரக் கூடாது. ஆனால் அல்ட்ராசவுண்டில் அயனியாக்கும் கதிரே கிடையாது. அதைப் பார்க்க வரும் அதிகாரி, பக்கத்து அறையில் கதிரை உமிழும் எக்ஸ்ரே கருவியைத் தாண்டித்தான் போகிறார். அது அவர் வேலை அல்ல. நம் மாநிலத்தில் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யும் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது, 2018-இல் வந்த விதிகளும் இருக்கின்றன. ஆளும் வண்டியும் மாவட்டத்தில் உண்டு. இரண்டு கேள்வியைக் கூடுதலாகக் கேட்க அவர்களுக்கு அதிகாரமும் பயிற்சியும் தந்தால் போதும்: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய தரச் சோதனைச் சான்று எங்கே? பேட்ஜ் எங்கே?

பேட்ஜ் பல இடங்களில் மேசை இழுப்பறையில் இருக்கும், இது நம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய், "கதிரேற்பு இல்லை" என்று சுத்தமாகத் திரும்பி வரும். இழுப்பறைக்கு ஏது கதிரேற்பு? எலும்பு முறிவு அறுவையிலும் சிறுநீரகக் கல் எடுப்பதிலும் உடனுக்குடன் எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவியின் அருகிலேயே மணிக்கணக்கில் நிற்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் நோயாளியின் உடம்பிலிருந்து சிதறும் கதிர்தான் ஆபத்து. கண் வில்லை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பழுதாகிறது என்று கண்டுதான் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் அதற்கான வரம்பை ஆண்டுக்கு 150-லிருந்து 20 மில்லிசீவர்ட்டாக இறக்கியது.

இன்னொன்று, புதிது. காசநோயைத் தேடி இப்போது கையடக்க எக்ஸ்ரே கருவி ஊருக்குள்ளேயே வருகிறது. உப்பளத் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏற வேண்டாம். அவர் தெருவிலேயே படம் எடுத்துவிடலாம். மனமார வரவேற்கிறேன். ஆனால் நம் விதிகளின் அடிப்படை சுவர். இந்தக் கருவிக்குச் சுவர் கிடையாது. சுற்றி நிற்கும் கூட்டத்தை எவ்வளவு தூரம் விலக்குவது, கருவியைப் பிடிப்பவர் மாதம் எத்தனை படம் எடுக்கலாம், கிராமத் திண்ணையில் யார் இதைக் கவனிப்பது? இன்று பிற்பகல் அமர்வு இதற்கே. அங்கே கட்டுரை வாசிப்பவர்கள் படம் எடுக்கும் இளைஞர்களையும் பேச விடுங்கள்.

கண்காணிப்பு தவறிக் கதிர்மூலங்கள் அனாதையாவதைப் பற்றி நாளை தனி அமர்வு இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987-இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட சிகிச்சை மையத்துச் சீசியம் நான்கு உயிர்களைக் கொண்டுபோனது. 2010-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட கோபால்ட் கருவி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் ஓர் உயிரைப் பறித்தது.

கடைசியாக மாநில எல்லை. எல்லையோர வானூர்ப் பக்கத்து நோயாளி முதல் சி.டி.யைத் தமிழ்நாட்டில் எடுப்பார், மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரிக்குப் போவார். பழைய படம் கையில் இல்லாவிட்டால் மறுபடி ஒன்று. இரண்டு அரசுகள், இரண்டு பதிவேடுகள், ஒரே உடம்பு. எந்த விதியும் மீறப்படவில்லை, கதிர் மட்டும் இரட்டிப்பு.

ஆகவே நாளை மாலை தீர்மானம் எழுதும்போது பொதுவாக "விழிப்புணர்வு தேவை" என்று எழுதிவிட்டுக் கலைய வேண்டாம். மாவட்ட அளவில் ஆய்வு அதிகாரம் யாருக்கு, விழுப்புரமும் புதுச்சேரியும் நோயாளியின் படத்தைப் பகிர்வது எப்படி, கையடக்கக் கருவிக்கு எந்த விதி என்று மூன்றையும் வாசகமாகவே எழுதுங்கள். இரண்டு அரசுகளுக்கும் வாரியத்துக்கும் அதை அனுப்புவது என் பொறுப்பு. முதல் அமர்வுக்குக் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.