பழைய கணிப்பொறியும் பயன் தரும்



2020 ஏப்ரலில் கொரோனா நோயினால் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கணிப்பொறி வழியாகப் படிக்க வேண்டியதாயிற்று. கணிப்பொறி இல்லாத வீடுகள் என்ன செய்யும்? ‘என்ஜினியரிங் குட்’ என்ற தொண்டு நிறுவனம், பிறர் ஒதுக்கிய மடிக்கணினிகளைச் சேகரித்தது. தொண்டர்கள் அவற்றைப் பழுது பார்த்து, வசதி குறைந்த குடும்பங்களுக்கு வழங்கினார்கள். ஒதுக்கிய பொருளே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

உங்கள் தோட்டத்து வீட்டிலும், உறவினர் கொடுத்த பழைய கணிப்பொறி இருக்கலாம். ‘மெதுவாக ஓடுகிறது’ என்று அதை மூலையில் போட்டுவிடாதீர்கள். அதற்குப் பகைவர்கள் மூன்று: தூசி, ஈரம், சுமை.

முதலாவது தூசி. பெட்டிக்குள் சூட்டை வெளியேற்ற ஒரு விசிறி சுழல்கிறது. அதில் தூசி அடைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் இயந்திரம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை கணிப்பொறியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளை என்னும் உட்பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

இரண்டாவது ஈரம். சிங்கப்பூரைப் போலவே தோட்டங்களிலும் காற்றில் ஈரம் அதிகம். பெட்டியைத் தரையில் வைக்காமல், ஈரச் சுவரை விட்டு விலக்கி, மேசைமேல் வையுங்கள். இடி மின்னலின்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது சுமை. வேண்டாத புரோகிராம்களை நீக்குங்கள். டிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். பிறகும் மெதுவாக ஓடினால், சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால் வேகம் நன்றாகக் கூடும். சிங்கப்பூரில் உறவினர் இருந்தால், லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள சிம் லிம் ஸ்குவேரில் விலை விசாரிக்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. புதிய விண்டோஸ் ஏற்காத கணிப்பொறியில், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச அமைப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

மிக முக்கியமானது ஒன்று. ஹார்ட் டிஸ்க்கில் ‘டக் டக்’ என்ற ஓசை கேட்டால் தாமதிக்காதீர்கள். பிள்ளையின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் உடனே வேறொரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுங்கள். இயந்திரத்தைப் பிறகு வாங்கலாம். படங்களை வாங்க முடியாது.

கவ்வாத்துக் கத்தியையும் பால்வெட்டும் கத்தியையும் துடைத்துத் தீட்டி வைக்கிறோம் அல்லவா? பிள்ளை படிக்கும் கருவிக்கும் அதே அக்கறையைக் காட்டுவோம்.